ரேம் வாங்கும் முன் ஒயரைப் பாருங்க சாமி

போன வாரம் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குக் கோபியிலிருந்து ஒருவர் வந்தார். காரின் பின்சீட்டில் சிபியுவை நிற்கவைத்து, சீட் பெல்ட்டும் மாட்டிக் கொண்டுவந்திருந்தார். கூடவே கல்லூரியில் படிக்கும் மகன். மெஷின் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர், எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சம். மஞ்சள் விற்ற காசு என்றார்.

“ஏனுங்க, கார்டு போயிருச்சாட்ட இருக்குது. கேம் போட்டா திக்கித் திக்கி ஓடுது. மாத்தித் தருவாங்களான்னு பாருங்க.”

பையன் அதுவரை செய்த வைத்தியத்தையெல்லாம் ஒப்பித்தான். விண்டோஸை இரண்டு முறை ஃபார்மட் செய்தாயிற்று. டிரைவரை எடுத்து எடுத்துப் போட்டாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று இன்னொரு 32 ஜிபி ரேம் வாங்கி மொத்தம் 64 ஆக்கியாயிற்று. “லோ செட்டிங்ஸ்லயே பதினஞ்சு எஃப்பிஎஸ் தாண்ட மாட்டேங்குதுங்ணா.” எஃப்பிஎஸ் என்றால் ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு.

நான் பவர் கூடக் கொடுக்கவில்லை. சிபியுவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். கிராபிக்ஸ் கார்டில் மூன்று டிஸ்ப்ளே போர்ட், ஒரு எச்டிஎம்ஐ. நான்கிலும் கம்பெனியில் மாட்டி அனுப்பிய கருப்பு பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது.

“தம்பி, வீட்ல மானிட்டர் ஒயரை எங்க குத்தியிருந்தீங்க?”

மேலே, யுஎஸ்பி ஓட்டைகளுக்குப் பக்கத்தில், மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயைக் காட்டினான்.

மூடியைப் பிடுங்கிவிட்டு என் கடை மானிட்டரைக் கார்டில் மாட்டினேன். அதே கேம், ஹை செட்டிங்ஸில் 110க்குக் கீழே இறங்கவில்லை. அப்பா மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மெஷினைக் கட்டிக் கொடுத்தவர், “ஒயரைக் கீழே குத்து” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மாதம் இப்படி வந்தது இது நான்காவது. அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இந்தத் தப்பு இவ்வளவு நாள் ஒளிந்திருக்காது. ரைசன் 5 5600 மாதிரி ப்ராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் எஃப் என்று முடியும் மாடல்களும் அப்படித்தான். அதில் ஒயரை மதர்போர்டில் குத்தினால் திரையில் ஒன்றுமே வராது, உடனே ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையிலிருந்து பெரும்பாலான ப்ராசஸர்களுக்குள் படம் காட்ட மட்டும் ஒரு சின்ன கிராபிக்ஸ் வைத்துவிட்டார்கள். எங்களைப் போல ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு அது வரம், கார்டு இல்லாமலேயே மெஷினைச் சோதிக்கலாம். உங்களுக்கு அதுவே வினை. விண்டோஸ் வருகிறது, வீடியோ ஓடுகிறது, எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரிகிறது. கேம் போட்டால்தான் குட்டு வெளிப்படும். சில கேம்கள் அந்தச் சின்னதிலேயே ஓடப் பார்க்கும். சில கேம்கள் பெரிய கார்டில் வரைந்து சின்னதன் வழியாகச் சுற்றி அனுப்பும், அதில் கொஞ்சம் வேகம் போகும்.

அடையாளம் எளிது. நிமிர்த்தி வைத்த சிபியுவின் பின்னால், மேலே யுஎஸ்பியோடு சேர்ந்து நெட்டாக இருப்பது மதர்போர்டு. அதற்குக் கீழே படுக்கைவாட்டில் வரிசையாக இருப்பது கார்டு. மானிட்டர் ஒயர் கீழே.

இனி அந்த ரேம் கதைக்கு வருகிறேன். என் ரத்தக்கொதிப்பு இங்கேதான் ஏறுகிறது.

எது மெதுவாக ஓடினாலும் “ரேம் ஏத்துங்க” என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அந்தக் காலத்து 2 ஜிபி மெஷினில் அது உண்மை. ரேம் நிரம்பினால் விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கைத் தொட ஆரம்பிக்கும், மெஷின் முக்கும், ரேம் ஏற்றினால் உயிர் வரும். அந்த ஒரு அனுபவத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள். நிரம்பாத ரேமை இரண்டு மடங்கு ஆக்கி என்ன பலன்? கோபிக்காரரிடம் அவர் பாஷையிலேயே கேட்டேன். வேகவைத்த மஞ்சள் முழுக்கக் களத்தில் காய்கிறது, பாதிக் களம் காலியாகவே கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு களம் போட்டால் பாலீஷ் போடும் மெஷின் வேகமாகச் சுத்துமா? “அதெப்படிங்க சுத்தும்?” என்றார். அவ்வளவுதான் விஷயம். ரேம் களம், கார்டு பாலீஷ் மெஷின்.

நிரம்புகிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை. கேம் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 32 ஜிபியில் 15 ஜிபிதான் போகிறது என்றால் ரேம் உங்கள் பிரச்சினை இல்லை. சதவீதம் தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது என்றால் வாங்குங்கள், நானே விற்கிறேன். கார்டுக்குள் இருக்கும் மெமரி வேறு கணக்கு. 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை (கேமில் பொருள்களின் மேல்பரப்புப் படத் தரம்) அல்ட்ராவில் வைத்துவிட்டுத் திக்குகிறது என்பவர்கள், மதர்போர்டில் எத்தனை ரேம் அடுக்கினாலும் அது தீராது. டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள்.

கோபி மெஷினில் நடந்தது இதைவிடக் கொடுமை. கூடுதல் ரேம் போட்டதால் வேகம் குறைந்திருந்தது. ரைசன் 7000க்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லும் கணக்கே, இரண்டு டிடிஆர்5 ஸ்டிக் போட்டால் 5200 வேகம், நான்கு போட்டால் 3600. பெட்டியில் 6000 என்று அச்சடித்த ரேம்தான் அது. இரண்டு ஸ்டிக்கில் எக்ஸ்போவை (ரேமை அச்சடித்த வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆன் செய்தால் சாதாரணமாக அந்த 6000 ஓடிவிடும். நான்கைச் செருகியதும் அந்த வேகத்தில் பூட் ஆகவில்லை, பையன் பயந்து எக்ஸ்போவை ஆஃப் செய்துவிட்டான். 3600இல் ஓடிக்கொண்டிருந்தது. ரேம் விலை தங்கம் மாதிரி ஏறிக் கிடக்கிற நேரத்தில், காசு கொடுத்து வேகத்தைக் குறைத்து வாங்கியிருக்கிறார்கள். புதிதாகப் போட்ட இரண்டையும் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டுக் கொடுத்திருந்தால், இன்னொன்று சேர்ப்பது நிஜமாகவே பலன் தரும். அளவு கூடுவதைவிட, ப்ராசஸருக்கு ஒரு வழிக்குப் பதில் இரண்டு வழி கிடைப்பதுதான் அதில் லாபம். இரண்டு ஸ்டிக்கையும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஓட்டைகளில் போட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் செருகி வரும் மெஷின்களை இன்னும் பார்க்கிறேன். மதர்போர்டு புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறது, பிரித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

டாஸ்க் மேனேஜரில் அதே பக்கத்தில் ரேமின் வேகமும் எழுதியிருக்கும். டிடிஆர்5 6000 வாங்கிவிட்டு அங்கே 4800 என்று இருந்தால், பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டு செட்டிங்ஸ்) எக்ஸ்போவோ, அதே வேலை செய்யும் எக்ஸ்எம்பியோ ஆன் செய்யவில்லை என்று அர்த்தம். ரேம் தானாக 6000க்குப் போகாது. ஆன் செய்த பிறகு முதல் முறை சில நிமிடம் திரை கருப்பாகவே இருக்கும், ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும். பதறிப்போய்ப் பவரைப் பிடுங்காதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்து மானிட்டர். 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 முறை படம் மாற்றும் என்று ஆசையாக வாங்கியது 60இல் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் நீங்களே மாற்ற வேண்டும். பட்டியலில் 165 காட்டவே இல்லை என்றால், பழைய டிவியிலிருந்து உருவிய எச்டிஎம்ஐ ஒயராக இருக்கும். பெட்டியில் வந்த டிஸ்ப்ளே போர்ட் ஒயரைத் தேடி எடுங்கள். மானிட்டர் 60இல் இருக்கும்போது கேமுக்குள் வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டும் செட்டிங்) ஆன் ஆகியிருந்தால் எஃப்பிஎஸ்ஸும் 60இல் நிற்கும். இந்த 60 ஒரு நல்ல தடயம். சொல்லி வைத்த மாதிரி 60இலேயே நின்றால் மெஷினால் முடியாமல் நிற்கவில்லை, யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

கார்டு மேல் சந்தேகம் தீரவில்லையா? கேமின் ரெசல்யூஷனைப் பாதியாக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டு தன் முழு பலத்தில்தான் உழைத்துக்கொண்டிருந்தது, செட்டிங்ஸ்தான் அதற்கு அதிகம். நகரவே இல்லை என்றால் ப்ராசஸர், ரேம், அல்லது நான் மேலே சொன்ன கட்டு. கார்டு 99 சதவீதம் காட்டுகிறது என்று பயந்து போன் செய்கிறார்கள். கேம் ஓடும்போது அது 99 காட்டுவதுதான் ஆரோக்கியம். 40 சதவீதத்தில் படுத்துக்கொண்டு கேம் திக்கினால் அப்போது கூப்பிடுங்கள்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு இழுத்தால் அது சூடு. நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டுவதைச் செய்தியில் பார்க்கிறோம். மொட்டை மாடிக்குக் கீழ் ரூம், ஆசாரி மைக்கா ஒட்டிக் கதவும் வைத்துக் கொடுத்த டேபிள், அந்தக் கதவுக்குள் 500 வாட் இழுக்கிற சிபியு. அதற்கு மேல் தூசி படக்கூடாதென்று அம்மா தைத்துப் போட்ட உறை! ரைசன் 7000 வரிசையில் பலவும் 95 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டவை, எக்ஸ்3டி மாடல்களுக்கு 89. அந்த எல்லை வந்ததும் அது எரிந்துபோகாது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் நீங்கள் ‘லேக்’ என்கிறீர்கள். கதவைக் கழற்றுங்கள். உறையை மெஷின் அணைத்த பிறகு போடச் சொல்லுங்கள், அம்மா மனசு நோக வேண்டாம்.

திருப்பூரிலிருந்து ஒரு மெஷின் வந்தது. கீழே பனியன் கட்டிங், மாடியில் பையனின் ரூம். முன்பக்க ரேடியேட்டரில் பஞ்சு படிந்து, ஓரத்தில் பிடித்து இழுத்தால் ஒரே தகடாக உரிந்து வந்தது. ஆப்பம் மாதிரி, ஓரம் மெல்லிசு, நடுவில் தடிமன். வாங்கி ஐந்து மாதம்தான். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓடும் வீடுகளிலும் இதே கதைதான். நீங்கள் மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டியே ஆக வேண்டும். ப்ளோயர் அடித்தால் ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புது மெஷினே பயங்கரமாகச் சுட்டால் கூலரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருப்பார்கள். சிரிக்காதீர்கள், இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம் பாதியில் மூடிக்கொண்டு, வீடியோ மெமரி போதவில்லை என்று சொன்னால் உடனே கார்டைத் திட்டாதீர்கள். அந்த வரிசையின் உயர் மாடல்களில் மின்னழுத்தக் கோளாறு இருப்பதை 2024இல் இன்டெலே ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் கொடுத்தது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பயாஸைப் புதுப்பியுங்கள். திருத்தம் மேற்கொண்டு கெடாமல் காக்கும், ஏற்கெனவே கெட்டதைத் திருப்பித் தராது. அப்படியானால் உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புது மெஷினில் போட்டு, அதில் கேமை வைத்துவிட்டுத் திக்குகிறது என்று சொல்லாதீர்கள், எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். கார்டுக்குப் போகும் பவர் கனெக்டரைக் கடைசி வரை அழுத்திச் செருகுங்கள், இடைவெளி தெரிந்தால் உருகலாம். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும், கேம் போட்டதும் கீச்சென்று கத்தி அணைந்தால் அது மெஷின் கோளாறில்லை.

கோபிக்காரர் கிளம்பும்போது எவ்வளவு என்று கேட்டார். ஐநூறு என்றேன். “ஒயரை மாத்திக் குத்துனதுக்குங்களா?” என்று அவர் கேட்கவில்லை. அதற்கு முந்தைய மூன்று பேரும் கேட்டார்கள்.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். போன் செய்பவர்களிடம், சிபியுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நேற்று பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தான். முன்பக்கம். மூன்று ஃபேனிலும் லைட் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.