தீயணைப்பு வண்டியும் ஒரு வர்க்கமூலமும்

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “சென்னையில் தீயணைப்பு நிலையங்களை இரட்டிப்பாக்கினால் வண்டி பாதி நேரத்தில் வந்துவிடுமே, அதைச் செய்ய அரசுக்கு என்ன தயக்கம்?”

தயக்கத்தைப் பற்றி நிதித்துறையிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் கேள்வியின் முன்பாதியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நிலையங்களை இரட்டிப்பாக்கினால் வண்டி ஓட வேண்டிய சராசரித் தூரம் பாதியாகாது. 100 மீட்டர் என்பது 71 மீட்டராகும், அவ்வளவுதான். பாதியாக வேண்டுமென்றால் நிலையங்கள் நான்கு மடங்காக வேண்டும். மூன்றில் ஒரு பங்காக வேண்டுமென்றால் ஒன்பது மடங்கு. இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் வர்க்கமூலம், நகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக அழகான கணக்குகளில் ஒன்று.

முதலில் தீயின் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தீ என்பது பள்ளிப் பாடம். அந்தத் தீ எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. ஓர் அறைக்குள் பற்றிய தீ நொடிக்கு நொடி வெளிவிடும் வெப்பம், தொடக்கக் கட்டத்தில் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதாகப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். நடுத்தர வேகத்தில் வளரும் தீ ஐந்தாவது நிமிடத்தில் சுமார் 1 மெகாவாட். அறை இடம் கொடுத்தால் பத்தாவது நிமிடத்தில் 4 மெகாவாட். ஆக, தீ வர்க்கத்தில் வளர்கிறது. நாம் கொட்டும் பணமோ வர்க்கமூலத்தில்தான் பலன் தருகிறது.

அந்த வர்க்கமூலம் எங்கிருந்து வருகிறது? நகரத்தைச் சம அளவுச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நிலையத்தை வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு சதுரத்தின் பரப்பு, நகரின் மொத்தப் பரப்பை நிலையங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. அதன் பக்க நீளம், அந்த ஈவின் வர்க்கமூலம். வண்டி நேராகப் போனாலும் தெருமுனை தெருமுனையாகத் திரும்பிப் போனாலும், அது ஓடும் சராசரித் தூரம் அந்தப் பக்க நீளத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குதான். நிலையங்கள் பங்குபோட்டுக்கொள்வது பரப்பை. வண்டி ஓடுவதோ கோட்டின் மேல். பரப்புக்கும் கோட்டுக்கும் இடையே எப்போதும் ஒரு வர்க்கமூலம் உட்கார்ந்திருக்கும்.

எந்த நகரம் இப்படிச் சதுரம் சதுரமாக நிலையம் கட்டியிருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். நிலையங்கள் எங்கே காலி மனை கிடைத்ததோ அங்கே முளைத்தவை. நிலையங்களை வரைபடத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு தூவியதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் வர்க்கமூலம் அசைவதில்லை. முன்னால் நிற்கும் பெருக்கெண் மட்டும் மாறுகிறது. அண்ணா நகர் போலத் தெருக்கள் செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் அந்தப் பெருக்கெண் ஏறக்குறைய 0.63. நியூயார்க் நகருக்காக ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்த பீட்டர் கோல்சர், எட்வர்ட் பிளம் இருவரும் 1973-ல் இதை முறைப்படி எழுதி, அந்நகரின் தரவுகளோடு ஒப்பிட்டும் காட்டினார்கள்.

நம் ஊர் எண்களை அதில் போடலாம். நகர்ப்புறத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்பது மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு தந்த பரிந்துரை. 10-இன் வர்க்கமூலம் 3.16, அதை 0.63-ஆல் பெருக்கினால் சுமார் 2 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு நிமிடம். 2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174-லிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மடிப்பாக்கம் மாநகரத்துக்குள் வந்ததும் அப்போதுதான். நிலையங்கள் ஒன்றுகூடக் கூடியிருக்காவிட்டால் சராசரித் தூரம் 1.56 மடங்காகியிருக்கும். சேர்ந்த இடங்களில் அம்பத்தூர் போன்றவற்றுக்குச் சொந்த நிலையம் இருந்ததால் நிலைமை அவ்வளவு மோசமாகவில்லை.

இனிதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. இந்த வாய்பாட்டில் போட வேண்டியது நிலையங்களின் எண்ணிக்கை அல்ல. அந்த நிமிடத்தில் வண்டி உள்ளே நிற்கும் நிலையங்களின் எண்ணிக்கை. பெயர்ப்பலகை தீயணைக்காது. வண்டி வேறு எங்கோ தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தால், கணக்கைப் பொறுத்தவரை அந்த நிலையம் வரைபடத்திலேயே இல்லை.

தீபாவளி இரவை எடுத்துக்கொள்வோம். ராக்கெட் போய்க் குடிசையில் விழும், மொட்டை மாடியில் காயும் துணி பற்றும், 101-க்கு அழைப்பு மேல் அழைப்பாக வரும். கணக்கின் வசதிக்காக, 426 சதுர கிலோமீட்டர் நகரில் 40 வண்டிகள் தயாராக நிற்பதாக வைத்துக்கொள்வோம். சராசரித் தூரம் 2.05 கிலோமீட்டர். பத்து வண்டிகள் வெளியே போய்விட்டன, மீதி 30. தூரம் 2.36. கால்வாசிப் படையே போன பின்பும் கூடுதல் சுமை 300 மீட்டர்தான். இன்னும் பத்து போகட்டும்: 2.89. கொஞ்சம் உறைக்கிறது, ஆனாலும் சமாளிக்கலாம். இன்னும் பத்து: 4.09. அதற்குப் பிறகு வெறும் ஐந்து வண்டிகள் போனால் போதும், 5.79 கிலோமீட்டர். முதல் பத்து வண்டிகள் போனபோது 300 மீட்டர்; கடைசியாகப் போன ஐந்துக்கு 1,700 மீட்டர்.

அந்த வளைவை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். வெகுநேரம் தட்டையாகப் போய், ஓரிடத்தில் நிமிர்ந்து எழும். பத்து மருந்துக் கடைகள் உள்ள தெருவில் ஒன்றை மூடினால் யாருக்கும் தெரியாது. இரண்டே கடைகள் உள்ள ஊரில் ஒன்று மூடினால் ஊரே நடக்கும். அதே கதைதான். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரை இந்த வளைவு ஏமாற்றிவிடும். பாதி வண்டிகள் போகும்வரை எல்லாம் வழக்கம்போலத்தான் தோன்றும். நெருக்கடி புலப்படும்போது கையில் வண்டி இருக்காது.

ஏமாற்றுகிற வளைவே ஒரு வழியையும் காட்டுகிறது. 2017 மே 31 அன்று தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை பற்றி எரிந்தபோது நகரின் பல நிலையங்களிலிருந்து வண்டிகள் அங்கே குவிந்தன. தீ ஒரு நாளைக்கு மேல் நீடித்தது. அப்படிப்பட்ட நாளில் வரைபடத்தின் நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. சுற்றியுள்ள தெருக்களில் ஒரு சமையல் எரிவாயு உருளை வெடித்தால் யார் வருவது?

இரண்டு பகுதிகளைக் கற்பனை செய்யுங்கள். இரண்டும் 40 சதுர கிலோமீட்டர். ஒன்றில் நான்கு வண்டிகள் நிற்கின்றன, மற்றதில் ஒன்றுதான் மிச்சம். முதல் பகுதியில் சராசரித் தூரம் 2 கிலோமீட்டர், இரண்டாவதில் 4. முதல் பகுதியிலிருந்து ஒரு வண்டியை எடுத்து இரண்டாவதில் நிறுத்தினால் என்ன ஆகும்? கொடுத்த பகுதிக்கு 300 மீட்டர் நஷ்டம். வாங்கிய பகுதிக்கு 1,150 மீட்டருக்கு மேல் லாபம். புதிய வண்டி வாங்கவில்லை, ஆள் எடுக்கவில்லை, கட்டடம் கட்டவில்லை. இருந்ததை இடம் மாற்றியதற்கே இந்தப் பலன். தீபாவளிக்குச் சென்னையில் நிலையங்களுக்கு வெளியே, நெரிசலான இடங்களில் வண்டிகளைக் கொண்டுபோய் முன்கூட்டியே நிறுத்துவார்கள். வாய்பாடு எழுதிச் செய்தார்களோ, அனுபவத்தால் செய்தார்களோ, கணக்கு அவர்கள் பக்கம்தான் இருக்கிறது.

கணக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். சராசரி என்பது வழவழப்பான சொல். கொடுத்த பகுதியில் நாளுக்கு இருபது அழைப்புகளும் வாங்கிய பகுதியில் இரண்டும் வந்தால், மேலே சொன்ன இடமாற்றம் நகரின் மொத்தச் சராசரியைக் கெடுத்துவிடும். அதற்காகத் தள்ளியிருக்கும் பகுதியை அம்போ என்று விட்டுவிட முடியுமா? இதற்கு வர்க்கமூலத்தில் விடை கிடையாது. நியூயார்க்கில் 1970-களின் தொடக்கத்தில் சிக்கனத்துக்காகச் சில தீயணைப்புப் பிரிவுகளை மூடியபோது இந்தக் கணக்கு மாதிரிகளைத்தான் ஆதாரம் காட்டினார்கள். நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒன்றை எடுத்தால் தூரம் அதிகம் கூடாது என்றது கணக்கு. நெருக்கமாக இருந்த இடங்கள் பலவும் ஏழைகள் வாழ்ந்த, அடிக்கடி தீப்பிடித்த பகுதிகள். அங்கே வண்டிகள் நிலையத்தில் நின்ற நேரமே குறைவு. அந்நகரின் ஏழ்மைப் பகுதியான தெற்கு பிராங்க்ஸ் எரிந்த அந்த ஆண்டுகளில் இந்த மூடல்களுக்கு எவ்வளவு பங்கு என்பது இன்றும் சண்டைக்குரிய விஷயம். என்னைக் கேட்டால், வாய்பாட்டின் மேல் குற்றமில்லை. உள்ளே நிற்கும் வண்டியை எண்ண வேண்டிய இடத்தில் பலகையை எண்ணியதுதான் குற்றம்.

சென்னைக்கு வேறு சில சங்கடங்கள் உண்டு. கடற்கரையை ஒட்டிய திருவான்மியூர் போன்ற இடத்தில் நிலையத்தைச் சுற்றி வட்டம் போட்டால், அதில் கணிசமான பகுதி வங்காள விரிகுடாவுக்குள் விழும். கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் ரயில் பாதைகளும் நகரத்தைத் துண்டுபோடுகின்றன. வரைபடத்தில் 600 மீட்டரில் இருக்கும் வீட்டுக்குப் பாலம் சுற்றி 2 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். முதல் வண்டி மட்டும் வந்தால் போதாது என்பது இன்னொன்று. வழக்கமான தீயணைப்பு வண்டி ஒன்று 4,500 லிட்டர் தண்ணீர் சுமக்கும், அதாவது நாலரை டன். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் பத்தே நிமிடத்தில் தொட்டி காலி. அதற்குள் இரண்டாவது வண்டியோ குடிநீர் வாரிய லாரியோ வந்தாக வேண்டும். தூவிவிட்ட நிலையங்களில் இரண்டாவது வண்டி ஓடும் சராசரித் தூரம், முதல் வண்டியுடையதைப் போல மிகச் சரியாக ஒன்றரை மடங்கு. எவ்வளவு நெருக்கமாக நிலையம் கட்டினாலும் அந்த ஒன்றரை மாறாது.

கடைசி 200 மீட்டர் தனிக் கதை. சவுகார்பேட்டையின் சந்துகளில் இரண்டரை மீட்டர் அகல வண்டி நுழையாது. தெருமுனையில் நிறுத்திவிட்டு, சுருட்டிய ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஒரு துண்டு 15 மீட்டர் என்றால் 200 மீட்டருக்குப் பதினான்கு துண்டுகள். ஒவ்வொன்றின் பித்தளை வாயையும் அடுத்ததற்குள் தள்ளிப் பூட்ட வேண்டும். ஒன்று சரியாகப் பூட்டாவிட்டால் அழுத்தம் ஏறியதும் கழன்று தெருவெங்கும் தண்ணீர். நீளம் கூடக் கூட உராய்வில் அழுத்தமும் குறையும். வீடு வாங்குகிறவர்கள் அடுப்பு அக்னி மூலையில் இருக்கிறதா என்று திசைகாட்டி வைத்துப் பார்க்கிறார்கள். தென்கிழக்கில் வைத்த அடுப்பும் வடமேற்கில் வைத்த அடுப்பும் ஒரே வேதியியலில்தான் எரிகின்றன. தெருவுக்குள் தீயணைப்பு வண்டி திரும்புமா என்று கேட்டு நான் யாரையும் பார்த்ததில்லை.

கோல்சரும் அவருடைய சகாக்களும் ஓட்ட நேரத்தையும் கடிகாரம் வைத்து அளந்தார்கள். குறுந்தூரத்தில் வண்டி முழு வேகத்தை எட்டுவதற்குள் பிரேக் போட வேண்டியிருப்பதால், நேரம் தூரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது, நெடுந்தூரத்தில் நேர்விகிதமாகிவிடுகிறது. வர்க்கமூலத்துக்குள் இன்னொரு வர்க்கமூலம்! அந்தக் குறுந்தூரப் பகுதியில் நேரத்தைப் பாதியாக்க நிலையங்களைப் பதினாறு மடங்காக்க வேண்டும். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: நாளின் எந்த நேரம் என்பதால் ஓட்ட நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இதை மாலை ஆறரை மணிக்கு வேளச்சேரி நூறடிச் சாலையில் நின்றுகொண்டு படித்தால் சிரிப்புத்தான் வரும்.

ஆகவே நமக்கு வேண்டியது நம்முடைய அளவீடு. தற்செயலாகச் சிதறிய புள்ளிகளின் கணிதம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1950-ல் அந்தத் துறையில் முக்கியமான கட்டுரை எழுதிய அல்லாடி ராமகிருஷ்ணன்தான் 1962-ல் இங்கே கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். தரமணியில் அது இன்றும் இருக்கிறது. கோடிக்கணக்கில் வண்டி வாங்க நிதி ஒதுக்கும்போது, இருக்கும் வண்டிகளை எங்கே நிறுத்துவது என்று ஆராய இரண்டு மாணவர்களுக்கு உதவித்தொகை ஒதுக்குவது வீண் செலவென்று எனக்குத் தோன்றவில்லை. அழைப்பு வந்த நேரம், வண்டி புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், சேர்ந்த இடம் ஆகிய நான்கு விவரங்களும் ஓர் ஆண்டுக்குக் கிடைத்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம். முதலில் பார்க்க வேண்டியது, நியூயார்க்காரர்கள் ஒதுக்கிவிட்ட அந்த ஒரு கேள்வியை: மணி எத்தனை?