நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லையா?

மார்கழி மழைக்குள் கிண்ணியாவிலிருந்து ஒரு வாப்பா மகனைத் திருகோணமலையில் என்னிடம் கூட்டிவந்தார். மூன்று நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. சட்டைப் பையில் நனைந்து மடங்கிய ரிப்போட்: இரத்தத்தில் டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை.

"என்எஸ்1 நெகட்டிவ் எண்டு வந்திரிக்கே டொக்டர், இனி என்ன பயம்?"

பக்கத்து வீட்டில் யாருக்கும் காய்ச்சலா என்று கேட்டேன். இரண்டு பிள்ளைகள் டெங்கு வந்து வார்டில் இருக்கிறார்களாம். ரிப்போட்டைவிட அந்தப் பதில்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. 2017இல் நாடு முழுதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட வருடம், கிண்ணியா பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்காது.

சரி, கணக்கைப் பார்ப்போம். டெங்கு உள்ள 100 பேரில் 80 பேரைப் பரிசோதனை பிடிக்கிறது. இல்லாத 100 பேரில் 5 பேருக்குப் பிழையாகப் பொசிட்டிவ் காட்டுகிறது என்று வையுங்கள். (விளக்கத்துக்கான எண்கள்தான். காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதைப் பொறுத்தே இது மாறும்.) மாரியில் காய்ச்சலோடு வரும் 200 பேரில் பாதிப்பேருக்கு டெங்கு என்றால், நெகட்டிவ் வருவது 115 பேருக்கு. அதில் 20 பேருக்கு டெங்கு இருக்கிறது. கிட்டத்தட்ட ஆறில் ஒருவர்!

கோடையில் 2000 பேரில் 20 பேருக்குத்தான் டெங்கு என்றால்? பொசிட்டிவ் 115 (அதே எண் வந்தது தற்செயல்). அதில் உண்மையான டெங்கு 16 மட்டுமே. பரிசோதனை மாறவில்லை, பருவம்தான் மாறியது.

பரிசோதனைக்கு முன்பே நம்மிடம் இருக்கும் மதிப்பீடு முன்நிகழ்தகவு. முடிவைச் சேர்த்துத் திருத்தியது பின்நிகழ்தகவு. இப்படித் திருத்தும் வழியைப் பற்றித் தோமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிவைத்ததை, அவர் இறந்தபின் 1763இல் நண்பர் ரிச்சட் பிரைஸ் வெளியிட்டார். பாதிரியாருக்கு நுளம்பைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

ஒன்றில் மட்டும் கவனம்: முன்நிகழ்தகவைப் பூச்சியமாக வைத்தால் எந்த ரிப்போட்டும் அதை அசைக்காது, பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம்தானே. 'கோடையில் ஏது டெங்கு' என்று நானும் ஒருமுறை இருந்து, இரண்டு நாள் பிந்தித்தான் விழித்தேன்.

அந்த வாப்பாவிடம், பனடோல் தவிர வேறு வலிமாத்திரை வேண்டாம், காய்ச்சல் விட்டாலும் நாளைக்கு இரத்தம் பாருங்கள் என்றேன். இன்றைய பின்நிகழ்தகவுதான் நாளைய முன்நிகழ்தகவு. மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள், டெங்குவில் குறையும்) 160,000இலிருந்து 92,000க்கு இறங்கியிருந்தது. ரிப்போட்டை என்னிடம் நீட்டுமுன்பே அவர் மகனின் உடுப்புப் பையோடு வந்திருந்தார்.