மின் குத்தூசி: சொல்லும் பொருளும்

உடலில் குத்திய ஊசி வழியாக மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் 'எலக்ட்ரோ அக்குபங்சர்' என்று பெயர். இதில் 'அக்குபங்சர்' சீனச் சொல் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது லத்தீன். 'அகுஸ்' என்றால் ஊசி, 'புங்க்தூரா' என்றால் குத்துதல். ஜப்பானில் நாகசாகியில் பணியாற்றிய டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைனே 1683-இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இந்தப் பெயரை எழுதினார். சீனர்கள் சொல்வது 'ஜென்ஜியூ'. ஊசி குத்துவதோடு, மாசிபத்திரி இனத்து இலையைக் கொளுத்திச் சூடு காட்டுவதும் அதில் அடக்கம். லத்தீன் பெயரில் அந்தச் சூடு விடுபட்டுப்போனது.

முன்னால் நிற்கும் 'எலக்ட்ரோ', ஆம்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தேய்த்தால் துரும்பை இழுக்கும் பிசின் அது. குத்திய ஊசியில் மின்சாரம் செலுத்துவது பற்றி பாரிஸ் மருத்துவர் சார்லாந்தியேர் 1825-இலேயே நூல் எழுதினார். இன்று இரண்டு ஊசிகளைக் கிளிப் போட்டுச் சிறு கருவியோடு இணைக்கிறார்கள். பெரும்பாலும் நொடிக்கு 2 முதல் 100 துடிப்புகள் வரை மெல்லிய மின்னோட்டம் போகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மின்னூசி' அழகான சொல்தான். ஆனால் 'ஊசி போட்டாச்சா?' என்று கேட்டால் மருந்து ஏற்றுவதைத்தான் நாம் நினைப்போம். இதில் மருந்தே கிடையாது. கூரை வேயும் தடித்த ஊசிக்கும் குத்தூசி என்றே பெயர், இங்கே இருப்பதோ முடிபோல மெல்லிய ஊசி. ஆனாலும் 'குத்தூசி மருத்துவம்' வழக்கில் நிலைத்துவிட்டது. என் தேர்வு 'மின் குத்தூசி'.

பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் திறன் குறைந்துவிடும். எச்சிலும் கஞ்சியும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நோய் எதிர்ப்பும் தளர்ந்திருப்பதால் நுரையீரலில் தொற்று பிடித்துக்கொள்ளும். அப்போது ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து மின் குத்தூசியையும் சீனாவில் முயல்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள 'ஜூசான்லி' இந்த மருத்துவத்தில் பெயர்பெற்ற புள்ளி. அந்தப் பகுதியில் மெல்லிய மின்னோட்டம் கொடுத்தபோது மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பு வழியாக அழற்சி தணிந்ததை 2021-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அது எலிகளில் கண்டது. மனிதர்களுக்கு அந்த அளவு உறுதியான சான்று இன்னும் இல்லை.

அதனால்தான் 'துணை மருத்துவம்' என்று எழுத வேண்டும். 'மாற்று மருத்துவம்' என்று எழுதினால், ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம் என்று ஒரு குடும்பம் புரிந்துகொள்ளக்கூடும். அப்புறம், பெயரிலிருந்து 'மின்' என்பதை விட்டுவிடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கு இந்த மின்னோட்டம் ஆபத்தாகலாம். பெயரில் 'மின்' இருந்தால், ஊசியைக் குத்தும் முன்பே அவர் கேட்டுவிடுவார்.