நடுக்கத்துக்குக் காட்டப் போனால் கடிகாரம் வரையச் சொல்கிறார்களே, ஏன்?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்குச் சில வருடங்களாகப் பார்க்கின்சன் நோய். இந்த முறை நரம்பியல் டாக்டர் கை, கால், நடையைப் பார்த்ததோடு விடாமல் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார், விலங்குகளின் பெயரைச் சொல்லச் சொன்னார். எனக்கென்ன புத்தி பேதலித்துவிட்டதா என்று அப்பாவுக்கு ஒரே கோபம். எதற்கு இதெல்லாம்?"

அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம், அவ்வளவுதான் என்ற எண்ணம் ரொம்பப் பழையது. 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரித்தபோதே புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்று எழுதிவிட்டார். அவர் வைத்துக்கொண்டிருந்தது ஆறே ஆறு பேரை, அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. இன்றைக்குத் தெரிந்தவரை, பார்க்கின்சன் இருந்து டிமென்ஷியா வராதவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு இருக்கிறது. முன்பு போல் மூளை ஓடவில்லை என்று அவருக்கோ வீட்டாருக்கோ டாக்டருக்கோ தெரிகிறது, சோதித்தாலும் தெரிகிறது, ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால் அது இந்த நிலை. அன்றாட வேலையே நடக்காத அளவுக்குப் போனால்தான் டிமென்ஷியா.

இதைக் கண்டுபிடிக்க 2012-ல் இயக்கக் கோளாறு நிபுணர்களின் சர்வதேசச் சங்கம் வரையறை வகுத்தது. கவனம், திட்டமிடல், மொழி, நினைவு, இட உணர்வு என ஐந்து துறைகள், துறைக்கு இரண்டு சோதனையாவது. முழுதாகச் செய்ய மணிக்கணக்கில் ஆகும், வெளிநோயாளிப் பிரிவில் அதற்கு யாருக்கு நேரம்? அதனால் முதல் வடிகட்டலுக்குச் சின்னச் சோதனைகள். அதிகம் புழங்குவது 2005-ல் வந்த மோகா, அதாவது மான்ட்ரியல் அறிவாற்றல் மதிப்பீடு: 30 மதிப்பெண், பத்து நிமிடம், 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். 1975-ன் பழைய 30 மதிப்பெண் சோதனை ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் நினைவையும் மொழியையும் தேதி, இடம் தெரிகிறதா என்பதையும் கேட்கும். பார்க்கின்சனில் முதலில் ஆட்டம் காண்பது பலருக்குத் திட்டமிடலும் கவனமும் என்பதால், அதில் நல்ல மார்க் வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

சரி, கடிகாரத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தச் சோதனை மேல் தனிப் பிரியம் உண்டு.

மோகாவில் கேட்பது இதுதான்: வட்டம் போட்டு, எண்களை எழுதி, மணி பதினொன்று பத்து என்று முட்களை வையுங்கள். ஏன் குறிப்பாகப் பதினொன்று பத்து? காதில் "பத்து" என்று விழுகிறது. கண்ணெதிரே தாளில் 10 என்ற எண்ணும் இருக்கிறது, அதுவும் 11-க்குப் பக்கத்திலேயே. பெரிய முள் அங்கே போகத் துடிக்கும். அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிடம் என்றால் 2-ல் வைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் மாற்றிக்கொண்ட பிறகுதான் பென்சில் நகர வேண்டும். நமக்கு இது நடப்பதே தெரியாது. ஆனால் இந்த அடக்கும் வேலையை மூளையின் முன்பகுதியும், ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற பகுதியும் ஒரு சுற்றாக இணைந்து செய்கின்றன, அந்தச் சுற்று சீராக ஓட டோபமின் என்ற வேதிப்பொருள் வேண்டும். பார்க்கின்சனில் டோபமின் சுரக்கும் செல்கள்தானே சாகின்றன! அசைவுக்கான பகுதி முதலில் வறண்டு போகிறது, காடேட்டுக்கும் மெல்ல மெல்லத் தட்டுப்பாடு வருகிறது. முடிவில் ஒரு முள் 11-லும் இன்னொன்று 10-லும் ஒட்டி நிற்கிற கடிகாரம்.

இன்னும் அழகான இடம் இதற்கு அப்புறம்தான். அதே ஆளிடம் சரியாக வரைந்த கடிகாரத்தைக் கொடுத்து, இதைப் பார்த்து வரையுங்கள் என்றால், பெரும்பாலும் நன்றாகவே வரைந்துவிடுவார். அப்படியானால் கண்ணும் இட உணர்வும் தேவலை, தானாகத் திட்டம் போடுவதில்தான் சிக்கல். வேறொருவர் வரைந்தால் எண்கள் எல்லாம் ஒரு பக்கமாக நெரிசலில் நிற்கும், சில வட்டத்துக்கு வெளியே போய்விடும், பார்த்து வரையச் சொன்னாலும் அப்படியேதான் வரும். இங்கே கோளாறு மூளையின் பின்பகுதியில். இதில் டோபமினைவிட அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் பங்கு அதிகம் என்று கருதுகிறார்கள்.

இரண்டு பேருமே 30-க்கு 24 வாங்கியிருக்கலாம். ஆனால் இருவரும் ஒரே பாதையில் போகிறவர்கள் அல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் புதிதாகப் பார்க்கின்சன் கண்டறியப்பட்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஐங்கோண உருவத்தைப் பார்த்து வரையத் திணறியவர்களுக்கும் விலங்குப் பெயர்களைக் குறைவாகச் சொன்னவர்களுக்கும் பின்னால் டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்வதில் திணறியது அப்படி எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை. எனவே மொத்த மார்க்கை மட்டும் கோப்பில் குறித்துவிட்டுத் தாளைத் தூக்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

டோபமின் குறைவுதானே, மாத்திரையைக் கூட்டினால் சரியாகாதா என்று கேட்கலாம். திட்டமிடல் போன்ற சிலவற்றுக்கு, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை கொஞ்சம் உதவும். ஆனால் தட்டுப்பாடே வராத பகுதிகளுக்கும் அதே மருந்து போய்ச் சேர்கிறது, அங்கே அளவு மிஞ்சி, பழகிய விதி மாறும்போது அதற்கேற்ப மாறிக்கொள்ளும் திறன் மோசமாகக்கூடும்.

குறைந்த மார்க்கைப் பார்த்ததும் பயப்படத் தேவையில்லை. தூக்கமின்மை, மனச்சோர்வு, பி12 குறைவு, தைராய்டு எல்லாமே மார்க்கை இறக்கும். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் வகை மருந்துகளே வயதானவர்களுக்கு மறதியைக் கொண்டுவரும், சீட்டில் அது இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்). அடுத்த முறை சோதிக்கும்போது இயல்புக்குத் திரும்பியிருப்பவர்களும் உண்டு.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். 12 வருடம் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு மோகாவில் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுவார்கள். பென்சிலே பிடித்திராத ஒருவரைக் கனசதுரம் வரையச் சொல்லிவிட்டு ஒரே ஒரு மதிப்பெண்! ஒவ்வொரு மொழியிலும், ஒவ்வொரு படிப்பு நிலையிலும் எது இயல்பு என்று அளந்து வைப்பது மருந்துச் சோதனைகளோடு ஒப்பிட்டால் அற்பச் செலவு. காப்புரிமை கிடைக்காத வேலை என்பதால்தான் அதற்குப் பணம் வருவதில்லை என்பது என் சந்தேகம். ஞாபகசக்தி டானிக் விற்கிறவர்களுக்கு மட்டும் எந்த அளவுகோலும் தேவைப்படுவதில்லை.

இந்த லேசான நிலைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. டிமென்ஷியாவாக முற்றினால் ரிவாஸ்டிக்மின் உண்டு, அமெரிக்காவில் 2006-ல் அனுமதி கிடைத்தது. மருந்தே இல்லையென்றால் எதற்குச் சோதனை? மறதி தரும் மாத்திரைகளைக் குறைக்கலாம், வேளைக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று வீட்டில் ஒருவர் கவனிக்கலாம், மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் இந்த விவரம் இல்லாமல் முடிவெடுக்கவே கூடாது.

அடுத்த முறை போகும்போது மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் சோதிக்கச் சொல்லுங்கள், கண்ணாடியையும் காது கருவியையும் மறக்காதீர்கள். அப்பாவை உட்காரவைத்துப் பதினொன்று பத்து வரையப் பழக்கிவிடவும் வேண்டாம். மார்க் ஏறும், டாக்டருக்கு ஒன்றும் தெரியாமல் போகும்.