அறுத்தெடுத்த கட்டிக்குள் அரை மணி நேரம்

“மைனஸ் 80 டிகிரியில் வைத்த புற்றுக்கட்டித் துண்டு எத்தனை வருடம் கெடாமல் இருக்கும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பயம் நியாயமானதுதான். 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறை நேரத்தில், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 16 உறைகலன்களுக்குப் போகும் திரவ நைட்ரஜன் நின்றுபோனது. பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகள் வீணாயின. அதனால் உயிரிவங்கி, அதாவது திசு, ரத்த மாதிரிகளை ஆராய்ச்சிக்குச் சேமிக்கும் இடம், என்றாலே ஃபிரீசரும், கெடுவதென்றால் ஃபிரீசர் நின்று கெடுவதும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன.

ஆனால் செல்லுக்குள் ஓடும் சமிக்ஞைகளைப் படிக்கிறவர்களுக்கு ஃபிரீசர் இரண்டாம் கவலைதான். அவர்கள் தேடும் தகவலில் பெரும்பகுதி, ஃபிரீசர் கதவு திறப்பதற்கு முன்பே, ஆபரேஷன் தியேட்டரின் ஒரு ஸ்டீல் டிரேயில் அழிந்துவிடுகிறது. ஃபிரீசர் தன்னிடம் வந்ததை அப்படியே வைத்திருக்கும். வந்தது எது என்று அதற்குத் தெரியாது.

திசுவில் உள்ள எல்லாமே ஒரே வேகத்தில் கெடுவதில்லை. டிஎன்ஏ கெட்டி, அறை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தாலும் மரபணு வரிசையைப் படித்துவிடலாம். ஆர்என்ஏ அதைவிடப் பலவீனமானது. அதன் தரத்தை 1 முதல் 10 வரை ‘ரின்’ என்ற மதிப்பெண்ணால் அளக்கிறார்கள். புரதங்களின் மொத்த அளவு ஒரு மணி நேரத்தில் பெரிதாக மாறாது. நிமிடக் கணக்கில் மாறுவது புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட். செல் சமிக்ஞை பெருமளவு எழுதப்பட்டிருப்பதோ அந்தப் பாஸ்பேட்டில்தான். ரின் 9 வாங்கிய மாதிரி சமிக்ஞை ஆய்வுக்கும் நல்ல மாதிரி என்று நினைப்பது, கண் பரிசோதனை செய்துவிட்டுக் காதும் நன்றாகக் கேட்கிறது என்று சான்றிதழ் தருவது போல.

செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டுகிறது, ஏற்பி விழிக்கிறது, ஒரு புரதம் அடுத்த புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது, செய்தி கருவுக்குப் போகிறது. இதெல்லாம் பள்ளிப் பாடம். ஒட்டுகிற நொதி கைனேஸ், பிய்த்தெடுக்கிற நொதி பாஸ்படேஸ். பாடப்புத்தகப் படத்தில் இது ஸ்விட்ச் போலத் தெரியும்: போட்டால் எரியும், அணைத்தால் அணையும். உண்மையில் இது அடியில் ஓட்டை விழுந்த அண்டா. மேலே குழாய் திறந்திருக்கிறது, கீழே ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நீர்மட்டம் அசையாமல் நிற்பது போலத் தோன்றினாலும் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. சில புரதங்களின் மேல் ஒரு பாஸ்பேட் தங்குவது சில நொடிகள்தான். நாம் அளப்பது நீர்மட்டத்தை.

இப்போது அறுவைச் சிகிச்சை நிபுணர் கட்டிக்குப் போகும் தமனியைக் கட்டுகிறார். அந்த நொடியில் ஆக்சிஜனும் குளுக்கோஸும் நிற்கின்றன. கட்டி இன்னும் உடம்புக்குள் 37 டிகிரியில்தான் இருக்கிறது; இந்த நேரத்துக்கு வார்ம் இஸ்கீமியா என்று பெயர். வெளியே எடுத்ததிலிருந்து உறையவைக்கும் வரை, அல்லது ஃபார்மலினில் (திசுவை இறுகவைத்துக் கெடாமல் காக்கும் கரைசல்) போடும் வரை உள்ள நேரம் கோல்டு இஸ்கீமியா. பெயரில் குளிர் இருந்தாலும் பெரும்பாலும் அது அறை வெப்பம்தான்.

குழாய் நின்றது, ஓட்டை அப்படியே இருக்கிறது, ஆகவே மட்டம் இறங்கும் என்று எதிர்பார்ப்போம். கைனேஸுக்குச் செல்லின் எரிபொருளான ஏடிபி வேண்டும், பாஸ்படேஸுக்குத் தண்ணீர் போதும், எனவே ஏடிபி குறையக் குறைய பாஸ்பேட்டும் குறைய வேண்டும். நடப்பது வேறு. செல்லில் ஏடிபி சில மில்லிமோலார் (செறிவின் அலகு) இருக்கிறது. பல கைனேஸ்களுக்கு அதில் நூறில் ஒரு பங்கோ சில பங்கோ இருந்தாலே வேலை ஓடும். ஏடிபி பாதியானாலும் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஏடிபி கொஞ்சம் குறைந்ததைக்கூடக் கண்டுபிடிக்க ஒரு காவலாளி உண்டு. இந்த விஷயத்திலேயே மிக அழகான இடம் அதுதான்.

ஏடிபி செலவானால் ஏடிபி, அதாவது மூன்று பாஸ்பேட், ஏடீபி என்கிற இரண்டு பாஸ்பேட்டாகிறது. இரண்டு பெயரும் தமிழில் ஒன்றுபோலவே எழுதப்படுவதால் இனி மூன்று, இரண்டு, ஒன்று என்றே சொல்கிறேன். அடினைலேட் கைனேஸ் என்ற நொதி இரண்டு ‘இரண்டு’களை எடுத்து ஒரு ‘மூன்று’ம் ஒரு ‘ஒன்று’ம் ஆக்கும். பழைய சைக்கிள் இரண்டைப் பிரித்து ஓடுகிற சைக்கிள் ஒன்று செய்வது மாதிரி; மிச்சம் ஒரு எலும்புக்கூடு. இந்த வினையின் சமநிலை எண் ஏறக்குறைய 1 என்று வைத்துக்கொண்டால், ‘ஒன்று’ எவ்வளவு இருக்கும் என்பது ‘இரண்டி’ன் வர்க்கத்தை ‘மூன்றா’ல் வகுத்தால் வந்துவிடும். உதாரணத்துக்கு ‘மூன்று’ 4.5 மில்லிமோலார், ‘இரண்டு’ 0.5 என்றால் ‘ஒன்று’ 0.055. இப்போது ‘மூன்று’ 4.0 ஆக இறங்கட்டும். மொத்தம் மாறாததால் ‘இரண்டு’ சுமார் 0.87 ஆகும், ‘ஒன்று’ 0.19. எரிபொருள் குறைந்தது 11 சதவீதம். அபாய மணி மூன்று மடங்குக்கு மேல் உரக்க அடிக்கிறது. வர்க்கம் செய்கிற வேலை இது. செல் தன் இருப்பை நேரடியாக எண்ணுவதைவிட மிச்சத்தை எண்ணுகிறது. மிச்சம்தான் வேகமாக மாறுகிறது.

அந்த ‘ஒன்று’ போய் ஒட்டுகிற புரதம் ஏஎம்பிகே. அதுவும் ஒரு கைனேஸ்தான். விழித்தவுடன் கொழுப்புத் தயாரிப்பு போன்ற செலவுகளை நிறுத்தச் சொல்லி, சம்பந்தப்பட்ட நொதிகளின் மேல் பாஸ்பேட்டை ஒட்டத் தொடங்குகிறது. பக்கத்தில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. பி38, ஜேஎன்கே என்ற நெருக்கடிக் கைனேஸ்களும் எழுகின்றன. ஆக டிரேயில் கிடக்கும் கட்டியில் முதலில் நடப்பது அழுகல் இல்லை. தன்னை அறுத்தெடுத்தது அந்தத் திசுவுக்குத் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உயிரோடு பதில் சொல்கிறது. சில பாஸ்பேட்டுகள் ஏறும், சில இறங்கும், சில ஏறி இறங்கும். ஏடிபி அடிமட்டத்துக்குப் போன பிறகுதான் பாஸ்படேஸ் தனியாட்டம் ஆடும்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புரதத் திட்டம் ஒன்று 2014இல் இதை அளந்தது. சினைப்பைப் புற்றுக்கட்டிகளையும், எலிகளில் வளர்த்த மார்பகப் புற்றுக்கட்டிகளையும் எடுத்து, 60 நிமிடம் வரை விட்டுப் பார்த்தார்கள். புரத அளவுகள் அசையவில்லை. பாஸ்பேட் இடங்கள் 5 நிமிடத்திலேயே மாறத் தொடங்கின. சினைப்பைக் கட்டிகளில் 24 சதவீதம் வரை மாறின. முதலில் எழுந்து கடைசிவரை நின்றவை நெருக்கடிப் பாதைகள்.

சரி, எல்லா மாதிரியிலும் ஒரே அளவு மாறினால் கழித்துவிடலாமே? அந்த அளவு ஒன்றாக இருப்பதில்லை. மருந்துச் சோதனைகளில் இது பெரிய குழி. சிகிச்சைக்கு முன்னால் ஊசி பயாப்ஸி: மெல்லிய நூல் போன்ற துண்டு, எடுத்த நிமிடத்தில் ஃபார்மலினுக்குள். சிகிச்சைக்குப் பின்னால் அறுவை: கட்டிய தமனி, அரை மணி நேர அறுப்பு, டிரேயில் காத்திருப்பு, பிறகு நோய்க்குறியியல் பிரிவுக்கு நடை. முன்னதில் பாஸ்போ-ஏகேடி, அதாவது பாஸ்பேட் ஒட்டிய ஏகேடி என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதம், நிறைய, பின்னதில் இல்லை. மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடலாம்! மருந்தே கொடுக்காமல் ஊசித் துண்டையும் அறுவைத் துண்டையும் ஒப்பிட்ட 2010ஆம் ஆண்டின் மார்பகப் புற்று ஆய்வில், பாஸ்போ-ஏகேடியும், அதே போன்ற இன்னொரு சமிக்ஞைப் புரதமான பாஸ்போ-எர்க்கும் வழக்கமான அறுவை மாதிரிகளில் பெருமளவு காணாமல் போயிருந்தன. அங்கே வேலை செய்த மருந்து கடிகாரம் மட்டுமே.

இதற்கு என்ன செய்வது? முதலில், கையில் கடிகாரத்தோடு ஒருவர் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டும். குப்பிகளுக்கு முந்தைய நாளே லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். சாதாரண மார்க்கர் மை திரவ நைட்ரஜனில் உதிர்ந்துவிடும். துண்டு 50 முதல் 100 மில்லிகிராம், தடிமன் 5 மில்லிமீட்டருக்குள். பெரிதாக இருந்தால் நடுப்பகுதி உறைய நேரமாகும், பனிப்படிகம் பெரிதாகி செல்லைக் கிழிக்கும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி என்பதால் அதில் நேராகப் போட்டால் உடனே உறையும் என்று நினைப்பார்கள். சூடான தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி ஆவிமெத்தை மேல் உருண்டு ஓடுகிறதே, அதே கதை இங்கே தலைகீழாக நடக்கும்: இளஞ்சூட்டுத் திசுவைச் சுற்றி நைட்ரஜன் ஆவி உறை போட்டுக் குளிரை உள்ளே விடாது. அதனால் ஐசோபென்டேனை ஒரு ஸ்டீல் குவளையில் ஊற்றி, குவளையை நைட்ரஜனில் இறக்கி, அடியில் வெள்ளையாக உறையத் தொடங்கும்போது திசுவை அதற்குள் விடுவார்கள். அது எளிதில் கொதிக்காது, திசுவை முழுதாகத் தொட்டுக் குளிர்விக்கும். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் புகைப்போக்கிக்கு அடியில்தான் இந்த வேலை.

உறைந்ததும் நொதிகள் சாவதில்லை, உறங்குகின்றன. பல ஆய்வகங்களில் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பத்து வருடம் காப்பாற்றிய துண்டை ஐஸ் மேல் வைத்து மெதுவாக உருகவிட்டால் பாஸ்படேஸ் விழித்து, தியேட்டரில் தப்பியதை இங்கே முடித்துவிடும். உருகவிடாமல் நைட்ரஜனுக்குள்ளேயே பொடித்து, அந்தப் பொடியை நேராக 95 டிகிரி எஸ்டிஎஸ் (நொதிகளைச் செயலிழக்கவைக்கும் சோப்பு போன்ற பொருள்) கரைசலில் கொட்ட வேண்டும். மென்மையான கரைசல்தான் வேண்டுமென்றால் தடுப்பான்கள் தேவை: புரதத்தின் செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து பிய்க்கும் பாஸ்படேஸ்களுக்கு சோடியம் ஃபுளூரைடும் பீட்டா-கிளிசரோபாஸ்பேட்டும், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பிய்ப்பவற்றுக்கு சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார். வனடேட்டைக் கரைத்தவுடன் மஞ்சளாக இருக்கும். அது பல வனடேட் சேர்ந்த கொத்து, சரியாக வேலை செய்யாது. பிஹெச் 10க்குக் கொண்டுவந்து, நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியதும் மறுபடி பிஹெச் பார்த்து, மஞ்சள் திரும்பினால் மீண்டும் கொதிக்கவைக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு அதே கரைசலில் உலோகத்தைப் பிடிக்கும் ஈடிடிஏ-வையும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி-யையும் போடுகிறவர்கள் உண்டு. ஒன்று வனடேட்டைப் பிடித்துக்கொள்ளும், மற்றது அதன் வடிவத்தையே மாற்றிவிடும்.

ஃபார்மலின் வேறு வழி. அதற்கு வேகம் கிடையாது. மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது பழைய கைக்கணக்கு, ஆழம் போகப்போக இன்னும் மந்தம். முழு மார்பகத்தையும் வெட்டாமல் ஒரு டப்பாவுக்குள் திணித்து அனுப்பினால் மேல்தோல் வெந்தது போல இறுகியிருக்கும், நடுவில் கட்டி தன்னைத்தானே செரித்துக்கொண்டிருக்கும். ரொட்டி போலச் சீவி, திசுவைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் ஊற்ற வேண்டும். மார்பகப் புற்றுக்குச் செய்யும் ஹெர்2, ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனைகளுக்கு அமெரிக்க வழிகாட்டுதல்: ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில், அங்கே 6 முதல் 72 மணி நேரம். இவை நோயாளிக்கு எந்த மருந்து என்று முடிவு செய்யும் சோதனைகள். ஆராய்ச்சி விலாசம் இல்லாத சின்ன மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

ரத்தத்திலும் இதே கதைதான். உறையவிட்டு எடுத்த சீரத்தில் விஇஜிஎஃப் (ரத்தக்குழாய்களை வளரச் சொல்லும் காரணி) கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் உறையும்போது தட்டணுக்கள் தம் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகின்றன. அது நோயாளியின் ரத்தத்தில் ஓடிய அளவில்லை, குழாயில் சேர்ந்தது. வெள்ளணுக்களின் பாஸ்பேட் வேண்டுமென்றால் எடுத்தவுடன் 1.5 சதவீத ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம் நிறுத்தி, பிறகு குளிர்ந்த மெத்தனாலில் போட வேண்டும்.

இனி ஃபிரீசருக்கு வருவோம். மைனஸ் 80 என்பது முழு நிறுத்தம் இல்லை. நீர் கண்ணாடி போல இறுகுவது சுமார் மைனஸ் 135க்குக் கீழே. அதற்கு மேலே படிகங்கள் மெல்ல உருமாறிக்கொண்டிருக்கும். தானாகப் பனி நீக்கும் ஃபிரீசரை வாங்கவே கூடாது, அது பனியை நீக்குவதே அவ்வப்போது சூடாக்கித்தான். ஒரு குப்பியைத் தேடுவதற்காக முழு ரேக்கையும் மேஜை மேல் வைத்துப் புரட்டுவது, கரண்ட் போவதைவிட அடிக்கடி நடக்கும் விபத்து. ‘மைனஸ் 80இல் போட்டாச்சு, இனி ஒன்றும் ஆகாது’ என்பது ஆய்வகங்களின் மூடநம்பிக்கை. எலுமிச்சம்பழம் கட்டினால் விபத்து வராது என்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

மாதிரி எப்படி வந்தது என்பதைச் சுருக்கி எழுத ‘ஸ்ப்ரெக்’ என்ற ஏழு உறுப்புக் குறியீடு 2010 முதல் இருக்கிறது. திசு வகை, எடுத்த முறை, வார்ம் இஸ்கீமியா, கோல்டு இஸ்கீமியா, பதப்படுத்திய விதம், அதற்கான நேரம், சேமிப்பு. எழுத ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் தமனியைக் கட்டிய நேரத்தை யார் குறிப்பது? அறுவை நிபுணருக்கு நோயாளி முக்கியம், அது சரிதான். நிதிக்குழுக்கள் டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் இயந்திரத்துக்குக் கோடிகளை ஒதுக்கும்; வாசலில் நிற்கும் திசு டெக்னீஷியனின் சம்பளம் என்றால் ‘நிர்வாகச் செலவு’ என்று வெட்டும். என் கருத்தில் இது தலைகீழ். சென்னை ஐஐடியில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. இப்படி வங்கி ஓரிடத்திலும் அறுவை பல மருத்துவமனைகளிலும் நடக்கும் எந்த ஏற்பாட்டிலும், உறைய வைக்கும் வேலை மருத்துவமனையிலேயே முடிந்தாக வேண்டும். அந்தக் கடைசி சில மீட்டருக்குத்தான் ஆள் வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்கள் துண்டு பத்து ஆண்டுகூடத் தாங்கும். குப்பியோடு நேரம் எழுதிய தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் எறிய வேண்டாம். டிஎன்ஏ படிக்கலாம், ரின் நன்றாக இருந்தால் ஆர்என்ஏவும் பார்க்கலாம், பாஸ்பேட் இல்லாத புரத அளவுகளும் பெரும்பாலும் நம்பத்தக்கவை. பாஸ்போ-எர்க்குக்கு மட்டும் அந்தக் குப்பியைத் திறக்காதீர்கள்.