ஆர்எஸ்வி: இதில் 'ஒத்திசைவு' எங்கே இருக்கிறது?

கைக்குழந்தைகளுக்கு வரும் சளி, இழுப்பு பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் 'சுவாச ஒத்திசைவு வைரஸ்' வந்து நிற்கிறது. என்ன, கச்சேரியா நடக்கிறது? ஆர்எஸ்வியின் ஆங்கில மூலப்பெயர் 'ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்'. அதில் உள்ள 'சின்சிஷியல்' என்பதை யாரோ 'சிங்க்' (sync, அதாவது ஒத்திசைதல்) என்று படித்துவிட்டார் போலிருக்கிறது, மற்றவர்கள் அப்படியே நகலெடுக்கிறார்கள்.

கிரேக்கத்தில் 'சின்' என்றால் கூட, 'கைட்டோஸ்' என்றால் கலம். பக்கத்துப் பக்கத்துச் செல்களின் சவ்வுகள் கலந்து, பல உட்கருக்களோடு ஒரே பெரிய செல்லாகிவிடுவதுதான் சின்சிஷியம். 1956இல் சளி பிடித்த சிம்பன்சிகளிடம் முதலில் பிடிபட்ட இந்த வைரஸ், ஆய்வகத் தட்டில் செல்களை இப்படித்தான் ஆக்கியது. பெயர் வந்தது அதனால்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கூட்டுச்செல் நச்சுயிரி' என்கிறார்கள் சிலர். கூட்டு என்றால் தனித்தனியாக இருந்துகொண்டே சேர்ந்திருப்பது, இங்கே தனித்தனி என்பதே போய்விடுகிறதே. 'உயிரணு' போடலாமென்றால் பாதிப் பேர் அதை விந்தணு என்றே படிக்கிறார்கள். 'கலம்' கிரேக்கச் சொல்லுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் இலக்கணப்படி 'கலவிணைவு' என்று புணர்த்தினால் வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள். ஆகவே என் ஓட்டு 'சுவாசச் செல்லிணைவு வைரஸ்' என்பதற்கு. 'செல்' தமிழில்லை என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், புரியாத தூய்மையைவிடப் புரிகிற கலப்பு மேல்.

இதே ஆட்கள்தான் இந்த வைரஸ் கொண்டுவரும் ப்ராங்கியோலைட்டிஸை 'மூச்சுக்குழாய் அழற்சி' என்று எழுதுகிறார்கள். அது ப்ராங்கைட்டிஸ், வேறு நோய். 'ஓல்' என்ற குறுமை விகுதியை விழுங்கிவிட்டால், சிசுவுக்கு இது ஏன் முற்றுகிறது என்பதே மறைந்துவிடும். இங்கே வீங்குவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகலான நுண்குழல். உதிர்ந்த செல்லும் சளியும் சேர்ந்து அதை அடைக்கின்றன. ஆரம் பாதியானால் காற்றுக்கான தடை 16 மடங்கு, அதாவது பெரியவருக்குத் தொண்டைக் கரகரப்போடு போகிற வீக்கம் இங்கே மூச்சையே நிறுத்தப் பார்க்கும். சிசு பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், மூக்கடைத்தால் பாலும் குடிக்காது. தாயின் எதிர்ப்பொருள் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போகிறது, குறைமாதத்தில் பிறந்தால் அதுவும் குறைவு. பிறவி இதயக்கோளாறோ வீட்டில் புகைப்பவரோ இருந்தால் இன்னும் மோசம். 'நுண்குழல் அழற்சி' என்று எழுத எத்தனை எழுத்து கூடிவிடும்?

இன்னொன்று. செல்களை இப்படி இணைப்பது இந்த வைரஸின் ஒரு புரதம். அதைக் குறிவைத்துத்தான் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும், சிசுக்களுக்குப் போடும் நிர்செவிமாப் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் வந்திருக்கின்றன. 'இணைவுப் புரதத்தைத் தடுக்கும் ஊசி' என்றால் விளங்கும், 'ஒத்திசைவைத் தடுக்கும் ஊசி' என்றால் யார் போட்டுக்கொள்வார்கள்? முடியாவிட்டால் பேசாமல் ஆர்எஸ்வி என்றே எழுதிவிட்டுப் போங்கள் ஐயா.