நேப்ஃபெல்கெலேஷ்: ஹங்கேரியின் ‘மக்கள் எழுச்சி’

1956 அக்டோபர் 23 அன்று ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக மாணவர்கள் தொடங்கிய ஊர்வலத்தில் இரவுக்குள் ஊரே சேர்ந்துகொண்டது. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் வந்து அதை நசுக்கின. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 2,00,000 பேர் நாட்டைவிட்டே போனார்கள். அப்புறம் வந்த யானோஷ் காதார் ஆட்சி இதற்கு வைத்த பெயர் ‘எல்லென்ஃபொர்ரதலொம்’, அதாவது எதிர்ப்புரட்சி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூலிலும் செய்தித்தாளிலும் அதுதான் பெயர்.

‘எல்லென்’ என்றால் எதிர். ‘ஃபொர்ரதலொம்’ என்றால் புரட்சி. அதன் வேர் ‘ஃபொர்’, கொதித்தல். நம் ‘புரட்சி’யின் வேர் புரள்வது; அவர்களுடையது உலைநீர்போலக் கொதிப்பது.

‘நேப்ஃபெல்கெலேஷ்’ இதற்கு எதிராக நின்ற சொல். ‘நேப்’ மக்கள், ‘ஃபெல்கெலேஷ்’ எழுதல். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கும் சூரியன் எழுவதற்கும் இதே வினைதான். தமிழில் ‘எழுச்சி’ கச்சிதமாகப் பொருந்துகிறது: திருப்பள்ளியெழுச்சியில் இருக்கும் அதே ‘எழு’. ‘மக்கள் கொதித்தெழுந்தார்கள்’ என்கிறோமே, அதில் இரண்டு ஹங்கேரியச் சொற்களின் வேர்ப்பொருளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. ‘கலகம்’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. அது ஆட்சியில் இருப்பவர் வாயிலிருந்து வரும் சொல்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எழுச்சியின்போது பிரதமராக இருந்த இம்ரே நாகியை 1958 ஜூன் 16 அன்று தூக்கிலிட்டார்கள். உடலைச் சிறை முற்றத்தில் புதைத்தார்கள். பிறகு நகர இடுகாட்டின் 301-ஆம் பகுதிக்கு மாற்றியபோதும் கல்லில்லை, பெயரில்லை. ‘எதிர்ப்புரட்சி’ என்ற சொல் நிலைத்திருந்தவரை அந்தக் குழிக்குப் பெயர் வைக்க வழியில்லை.

1989 ஜனவரி 28 அன்று, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையில் இருந்த இம்ரே போஷ்காய் வானொலியில் 1956-ஐ ‘நேப்ஃபெல்கெலேஷ்’ என்றார். ஆளுங்கட்சிக்காரர் ஒருவரே சொன்னதும் பழைய பெயர் ஆட்டம் கண்டது. அதே ஆண்டு ஜூன் 16 அன்று வீரர் சதுக்கத்தில் ஆறு சவப்பெட்டிகள் வைக்கப்பட்டன. ஐந்தில் நாகியும் தோழர்களும். ஆறாவது காலி, பெயர் தெரியாமல் மாண்டவர்களுக்காக. ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் நாகியைக் குற்றமற்றவர் என்றது. காதார் இறந்ததும் அதே நாளில்தான். அக்டோபர் 23 அன்று, ‘மக்கள் குடியரசு’ என்ற பெயர் போய், ஹங்கேரிக் குடியரசு அறிவிக்கப்பட்டது. இன்று அது தேசிய விடுமுறை நாள்.

1990-இல் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் முதல் சட்டம் ‘புரட்சியும் விடுதலைப் போரும்’ என்றே எழுதியது. ஆகவே தமிழில் ‘ஹங்கேரியப் புரட்சி’ என்பதும் சரியே. ஆனால் 1989-இல் வானொலியில் ஒலித்த அந்தச் சொல்லுக்கு ‘மக்கள் எழுச்சி’ என்றே எழுத வேண்டும்.